வழியில் கடித்த நுளம்பு, மலையில் வந்த காய்ச்சல்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ஏறும் சாலை ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் மடுல்கெல்லவை எட்டுகிறது. அதைச் சுற்றிலும் தேயிலை. தேயிலைக்கு மேலே நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகில்காடு. விடுமுறை நாட்களில் முதுகுப்பையும் கைத்தடியுமாக வரும் இளைஞர்கள் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் ஏறத் தொடங்குகிறார்கள். அந்தப் பாதைகளை வெட்டியவர்கள் இதைவிட மிக நீண்ட ஒரு பாதையில் நடந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள். அது மன்னார்க் கடற்கரையில் தொடங்கியது. கரை மணல், முட்காடு, வறண்ட ஆறு, அடர்காடு, பிறகு மலை என்று மாத்தளை வரை மட்டும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

1823இல் கம்பளைக்கு அருகே காப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டுத்தான் மலையகத் தமிழர் 2023இல் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையில் முடிந்த ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் பழைய வழியைத் திரும்பவும் மிதித்தது. பேசாலை, மன்னார், முருங்கன், மடு, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்த, மாத்தளை. 19ஆம் நூற்றாண்டில் தமிழகக் கரையிலிருந்து பாய்மரத் தோணிகளில் வந்திறங்கியவர்கள் ஆள் திரட்டிய கங்காணியின் பின்னால் கூட்டம் கூட்டமாகப் போன வழி ஏறக்குறைய இதுதான். மாத்தளையில் கூட்டங்கள் பிரிந்தன. ஒரு பிரிவு நக்கிள்ஸ் அடிவாரத் தோட்டங்களை நோக்கி ஏறியது.

இந்த வழிநடையைப் பற்றிய கதைகளில் யானை வரும், கரடி வரும், சிறுத்தை வரும். பின்தங்கியவரைக் காட்டிலேயே விட்டுவிட்டுப் போன கொடுமை வரும். அவையெல்லாம் நடந்திருக்கும். ஆனால் அந்த வழியில் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அந்தக் கணக்கைச் சரியாகப் போட உயிரியல் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு நோய்க்கும் உடலுக்குள் ஒரு கால அளவு இருக்கிறது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு நீளம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே தொற்றியது, எங்கே செத்தார்கள் என்பவை வெவ்வேறு இடங்களாகிவிடுகின்றன.

முதலில் நடையை எடுத்துக்கொள்வோம். மனித உடல் நடப்பதற்கென்றே அமைந்தது. சமதரையில் சாதாரண வேகத்தில் நடக்கும்போது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முக்கால் கலோரிக்குச் சற்று மேலாகச் செலவாகிறது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் பத்துக் கிலோ மூட்டையோடு நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் நடந்தால், அந்த நடைக்கு மட்டும் ஆயிரம் கலோரிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். மீதி நேரத்துக்கு உடல் உயிரோடிருக்க இன்னும் ஆயிரத்து இருநூறு வேண்டும். இரண்டையும் கூட்டினால் சுமார் அறுநூறு கிராம் அரிசி. அது கிடைத்தால் பன்னிரண்டு பதின்மூன்று நாளில் மாத்தளை வந்துவிடலாம்.

ஏற்றம்? அதுதான் வியப்பு. ஐம்பது கிலோ உடலைக் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயர்த்த இயற்பியல் கேட்பது 117 கலோரிதான். தசைகள் எரிக்கும் ஆற்றலில் கால்வாசியே வேலையாக மாறும், மீதி வெப்பமாகப் போகும் என்பதால் அது ஏறத்தாழ 470 கலோரியாகிறது. அரிசியில் சொன்னால் 130 கிராம். மன்னார்க் கரைக்கும் மடுல்கெல்லவுக்கும் இடையிலான உயரம் முழுவதற்கும் உடல் கேட்கும் கூடுதல் விலை இரண்டு கைப்பிடி அரிசி. தூரமும் உயரமும் இந்த மனிதர்களைக் கொல்லவில்லை. இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் திருச்சி வட்டாரத்திலும் ஏர் ஓட்டியும் களை பறித்தும் வளர்ந்த கால்களுக்கு இந்த வழி எட்டாத வழி அல்ல. அங்கே பஞ்சம் விரட்டியதால் ஏற்கனவே மெலிந்து புறப்பட்டவர்களுக்கு அந்த அறுநூறு கிராம் கிடைக்கவில்லை என்பதே முதல் சிக்கல்.

இரண்டாவது சிக்கல் தண்ணீர். காப்பிப் பழம் ஆண்டின் பின்பாதியில் பழுக்கும். பறிப்புக்கு ஆள் வந்து சேர வேண்டுமானால், வறண்ட வலயம் காய்ந்து கிடக்கும் காலத்திலேயே கரையில் இறங்கி நடக்க வேண்டும். சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. தன் ஈரத்தை மலைகளின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு வன்னிப் பக்கம் வறண்டு வீசுகிறது. மன்னாருக்கு மழை தருவது வாடைக்காற்றுக் காலம். பெரும்பாலும் ஐப்பசிக்குப் பிறகு. அதற்கு முன் குளங்கள் அடிமட்டத்தில் இருக்கும். அருவி ஆற்றின் படுகையில் நீர் ஓடாது, அங்கங்கே குட்டைகளாகத் தேங்கி நிற்கும்.

அந்த வெயிலில் சுமையோடு நடப்பவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வேறெந்த வழியிலும் உடல் இவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியாது. வெயிலுக்குப் பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். வறண்ட சீமையிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கனவே உண்டு. ஆனால் பழகிய உடலுக்கும் தண்ணீர் வேண்டும். நாளுக்கு ஐந்து, ஆறு லிட்டர். ஆறு லிட்டர் தண்ணீர் ஆறு கிலோ. யாரும் ஒரு நாளைக்கு மேல் சுமக்க முடியாது. ஆகவே வழியில் கிடைப்பதைக் குடித்துத்தான் ஆக வேண்டும். முன்னால் போன கூட்டமும் அதே கிணற்றில், அதே குட்டையில் குடித்திருக்கும். அதன் கரையிலேயே இரவைக் கழித்திருக்கும்.

வாந்திபேதிக்கு, அதாவது காலராவுக்கு, இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. அந்தக் கிருமியை 1854இல் இத்தாலியில் பிலிப்போ பசினி நுண்ணோக்கியில் பார்த்தார். அவர் சொன்னதை மருத்துவ உலகம் காதில் வாங்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் அதைத் தனியே பிரித்து வளர்த்தார். மக்கள் குளித்து, துவைத்து, குடித்த ஒரு குளத்தின் நீரிலேயே அவர் அதைக் கண்டார். வடக்கு வழி எனப்பட்ட இந்த மன்னார்–மாத்தளைப் பாதையில் காப்பிக் கூலிகள் நடந்துகொண்டிருந்த காலத்தின் பெரும்பகுதியில், நோய் எங்கிருந்து வருகிறது என்பது ஆட்சியாளர்களுக்கும் தெரியாது, நடந்தவர்களுக்கும் தெரியாது. அன்றைய மருத்துவம் அதைக் கெட்ட காற்றில் தேடிக்கொண்டிருந்தது.

இந்தக் கிருமியின் வேலை கொடூரமான எளிமை உடையது. அது வெளியிடும் நஞ்சு குடல் சுவரின் உயிரணுக்களை உப்பையும் நீரையும் உள்ளிருந்து வெளியே கொட்ட வைக்கிறது. கடுமையாகத் தாக்கினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். ஐம்பது கிலோ உடலில் ஐந்து லிட்டர் போனாலே இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்து. விடியற்காலையில் நடக்கத் தொடங்கியவர் பொழுது சாய்வதற்குள் இறந்தார் என்ற வழிநடைக் கதைகளில் மிகை இல்லை. உடலுக்குள் போனதிலிருந்து நோய் தெரிய சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை ஆகும். பன்னிரண்டு நாள் நடைக்குள் இது ஒரு முறைக்கு இரு முறை முழுச் சுற்று வந்துவிடும். அதைவிட மோசமான செய்தி ஒன்று: தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு நோயே தெரியாது. அவர்கள் நல்ல உடம்போடு நடந்து, ஒவ்வொரு தங்குமிடத்திலும் கிருமியை விட்டுக்கொண்டே போவார்கள். படுத்துவிட்ட ஒருவரைக் கூட்டம் அஞ்சி விலக்கியிருக்கும். விலக்கப்பட்டவரைவிட விலக்காதவர்களே அடுத்த கிணற்றுக்குக் கிருமியைக் கொண்டுபோனார்கள்.

வயிற்று அமிலம் இந்தக் கிருமியை ஓரளவு கொல்லும். ஆரோக்கியமான ஒருவருக்கு நோய் வரக் கோடிக்கணக்கில் கிருமிகள் உள்ளே போக வேண்டும். ஆனால் நாள்பட்ட பட்டினி அந்த அமிலத்தைக் குறைக்கிறது. பசித்த வயிற்றில் ஒரே மூச்சில் குடிக்கும் தண்ணீரோ இரைப்பையை விரைவில் கடந்துவிடுகிறது. வெயிலில் வந்து குட்டையோரம் குனிந்தவரின் வயிறு கிருமிக்கு வாசலைத் திறந்தே வைத்திருந்தது.

இரண்டு மருந்துகள் அந்தக் கூட்டத்தின் கையிலேயே இருந்தன என்பதை நினைக்கும்போது மனம் பதறுகிறது. ஒன்று, கட்டியிருந்த துணி. குளத்து நீரில் வாழும் நுண்ணிய ஓட்டுயிர்கள் மேல் வாந்திபேதிக் கிருமிகள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன என்பதை ரீட்டா கோல்வெல்லும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். கிருமி துணியைக் கடந்துவிடும். அது ஒட்டியிருக்கும் உயிரி கடக்காது. பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துத் தண்ணீர் வடிகட்டும்படி வங்கதேசத்து ஊர்களில் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முடிவு வெளியானது 2003இல். பல முறை துவைத்த சேலையே நல்லது. நூல் உப்பி இடைவெளி சிறுத்துவிடுகிறது.

மற்றொன்று கஞ்சி. வாந்திபேதி நஞ்சு குடலின் ஒரு வாசலை மட்டும் விட்டுவைக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கும், பின்னாலேயே தண்ணீரும் வரும். இந்த உண்மை 1960இல் தெரிந்தது. 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் காஷும் அதை நோயாளிகளிடம் சோதித்து வென்றார்கள். 1971இல் வங்கதேசப் போரின் அகதி முகாமில், பொங்காவில், ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில் திலீப் மகலானபிஸ் சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரைப் பீப்பாய் பீப்பாயாகக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. பிறகு சர்க்கரைக்குப் பதில் அரிசி மாவைப் போட்டுக் காய்ச்சிய உப்புக்கஞ்சியும் அதே வேலையை, வாந்திபேதியில் இன்னும் நன்றாகவே, செய்கிறது என்று கண்டார்கள். அரிசி மாப்பொருள் குடலில் மெல்ல மெல்லச் சர்க்கரையாக உடைகிறது. கொதித்த நீர், அரிசி, உப்பு. ஒவ்வொரு அடுப்பிலும் இருந்தது அதுதான். கழிச்சல் வந்தவருக்கு எதுவும் கொடுக்காதே என்ற பழக்கமும், அன்றைய மருத்துவர்கள் நம்பிய பாதரச மருந்தும் அபினும் அதை மருந்தாகப் பார்க்க விடவில்லை.

வாந்திபேதி வழியிலேயே கொன்றது. அதனால் அது கண்ணில் பட்டது. எலும்புக் கூடுகள் கிடந்த பாதை என்று பேசப்பட்டதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, அப்படியல்ல.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். வற்றும் ஆற்றுப் படுகையில் வெயில் படுமாறு தேங்கிய தெளிந்த குட்டைகள்தான் அதற்குப் பிடித்த இடம். 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாக நின்றபோது இந்த நுளம்பு நாட்டின் தென்மேற்குத் தாழ்நிலங்கள் வரை பெருகியது. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அந்தப் பெருந்தொற்றை நினைவில் வைத்துக்கொண்டு பழைய வழியைப் பாருங்கள். ஆற்றோரக் குட்டை, அதன் அருகே இரவுத் தங்கல், திறந்த வெளியில் படுத்திருக்கும் நாற்பது ஐம்பது உடல்கள். போகும்போது இது. பறிப்பு முடிந்து, தை அறுவடைக்கு ஊர் திரும்பும்போது வாடை மழைக்குப் பிந்தைய நுளம்புப் பருவம்.

இப்போது நாட்களை எண்ணுவோம். நாளுக்கு 20 கிலோமீட்டர் என்றால் மதவாச்சிப் பக்கத்தை ஐந்தாம் நாளில் எட்டலாம். அன்றிரவு நுளம்பு கடிக்கிறது. ஒட்டுண்ணி ஒரு மணி நேரத்துக்குள் கல்லீரலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஒரு வாரம் அங்கே பெருகுகிறது. உடம்பில் எந்த அறிகுறியும் இல்லை. காய்ச்சல் இல்லை, களைப்பு இல்லை. பிறகு இரத்தத்துக்கு வந்து, சிவப்பணுக்களை இரண்டு நாளுக்கொரு முறை உடைத்து, எண்ணிக்கை போதுமான அளவு ஏறியதும் குளிர்காய்ச்சல் தொடங்குகிறது. கொல்லும் வகையான பால்சிபாரத்தில் இது பெரும்பாலும் ஒன்பது முதல் பதினான்கு நாள். பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். நடை தொடங்கிப் பதினேழாம் நாள். அவர் மாத்தளையைத் தாண்டி, பதினான்காம் நாளே மடுல்கெல்லவின் ஏதோ ஒரு லயத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், மூட்டையை இறக்கியிருப்பார். பெயர் பதிந்தாயிற்று. இரண்டு நாள் வேலையும் செய்தாயிற்று. மூன்றாம் நாள் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வரவில்லை.

தோட்டத்தில் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? வெயில் சீமையிலிருந்து வந்த ஆள், மலைக்கு வந்து மூன்றே நாளில் நடுங்குகிறான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மலைத்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதே இயல்பான முடிவு. உண்மையில் அந்த மலை அவனுக்கு இந்த வழியிலேயே பாதுகாப்பான இடம். செங்குத்துச் சரிவில் வேகமாக ஓடும் ஓடையில் அந்த நுளம்பு முட்டையிடக் குட்டை நிற்காது. குளிர்ச்சி கூடக்கூட நுளம்புக்குள் ஒட்டுண்ணி முதிரும் வேகம் குறைந்துகொண்டே போகும். சுமார் 18 பாகைக்குக் கீழே பால்சிபாரம் முதிர்வதே இல்லை. வழியில் கடித்த நுளம்புக்கான பழியை மலை சுமந்தது.

வைவாக்ஸ் என்ற மற்ற வகை இன்னும் தந்திரமானது. அதன் சில உருக்கள் கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கி, பிறகு விழித்துக் காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும். புதிதாகக் கடி இல்லாமலே காய்ச்சல். ரொனால்ட் ரோஸ் 1897இல் செகந்திராபாத்தில் நுளம்பின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே வடக்கு வழி கைவிடப்பட்டுவிட்டது. அதாவது அந்த வழி உயிரோடிருந்த காலம் கிட்டத்தட்ட முழுவதும் நுளம்புக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியாது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அந்த வெற்றியை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை.

அம்மையும் இதே கணக்கில் வரும். தொற்றியதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் அமைதி, பிறகு காய்ச்சல், பிறகு கொப்புளம். கரையில் தொற்றினால் மாத்தளையில் வெளிப்படும். அங்கே முத்துமாரியம்மன் கோயில் நிற்கிறது. வழிநடையின் முடிவில் நேர்த்தி செலுத்திய இடம் அது என்பது மலையக மரபு.

மாத்தளையிலிருந்து ஏற்றம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் காற்று ஆறரைப் பாகை குளிர்கிறது. மன்னாரில் 28 என்றால் மடுல்கெல்லவில் 21 அல்லது 22. கேட்க இதமாக இருக்கிறது. நனைந்த உடம்புக்கு அது இதமல்ல. அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒற்றைப் பருத்தித் துணி நனைந்து உடம்போடு ஒட்டி, மேலே மலைக்காற்றும் வீசினால், பதினைந்து பாகையிலும் உடலின் உள்வெப்பம் சரியத் தொடங்கலாம். மெலிந்தவருக்கு இன்னும் விரைவில். தோட்டங்களில் ஆளுக்கொரு கம்பளி கொடுத்ததில் அறிவியல் இருக்கிறது. ஆட்டுமயிர் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டும் இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்துவைத்திருக்கும். நனைந்தாலும் சூடு காக்கும். அந்தக் கம்பளியின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

அட்டை உயிரை எடுப்பதில்லை. ஈரம் இல்லாமல் வாழாத உயிர். வறண்ட வழி முழுவதும் காணாமல், மலையடி ஈரத்தில்தான் காலில் ஏறும். நம் மூச்சையும் உடற்சூட்டையும் தரையதிர்வையும் உணர்ந்து வரும். இரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளைச் செலுத்துவதால் கழன்ற பிறகும் கசியும். அவ்வளவே.

வெறுங்காலுக்கு உண்மையான பகை மண்ணில் இருந்தது. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமான நிழல்மண்ணில் மலத்திலிருந்து வெளிவந்து, விரலிடைத் தோலைத் துளைத்து, இரத்தவழி நுரையீரல் போய், தொண்டை வழியாகக் குடலுக்கு இறங்கிக் கடித்துத் தொங்குகிறது. நூறு புழு இருந்தால் நாளொன்றுக்குச் சில மில்லிலிட்டர் இரத்தம் போகும். ஒரு மாதத்தில் அது ஒரு குவளை. சோற்றையும் உப்பையும் மட்டுமே உண்ணும் உடம்பு அந்த இரும்பை ஈடுகட்ட முடியாது. இரத்தத்தில் ஆக்சிசன் தாங்கும் ஆற்றல் குறைகிறது. சமதரையில் தெரியாது, சரிவில் ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், கால் தளரும். கழிப்பறையில்லாத லயங்களைச் சுற்றி இந்த நோய் வளையமாகச் சூழ்ந்திருந்தது. 1910களில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த பிறகே, சோம்பேறிகள் என்று ஏசப்பட்டவர்களின் இரத்தத்தை அளந்து பார்த்தார்கள். இரத்தம் குறைந்தவர் மெல்ல நடப்பதில் குற்றம் காண எந்தத் துரைக்கும் உரிமை இருந்ததில்லை.

காப்பிக் காலத்தில் வந்து போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இலைத்துரு நோய் 1869இல் தலைகாட்டிக் காப்பியை அழித்த பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து. குடும்பங்கள் வந்து தங்கின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கு வழி மூடப்பட்டு, தூத்துக்குடி–கொழும்புக் கப்பலும் ரயிலும் வழியாயின. நடை ஓய்ந்தது.

இந்த வழியோடு ஒப்பிட்டுப் பார்க்க உலகில் இன்னொரு பாதை இருக்கிறது. கனடாவின் வான்கூவர் தீவில், பசிபிக் கரையை ஒட்டி 75 கிலோமீட்டர் நீளும் மேற்குக் கரைப் பாதை. 1906இல் வலென்சியா என்ற கப்பல் அங்கே பாறையில் மோதி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கரையேறியவர்கள் காட்டுக்குள் வழி தெரியாமல் சாகக் கூடாது என்று அரசு உடனே, ஏற்கனவே இருந்த தந்திக் கம்பி வழியை ஒட்டிப் பாதையைச் சீராக்கி, இடையிடையே தங்குகுடில்களை அமைத்தது. இன்று உலகெங்குமிருந்து நடைப்பிரியர்கள் முன்பதிவு செய்து வந்து நடக்கிறார்கள். ஓடைநீரை வடிகட்டாமல் குடிக்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். ஒரு கப்பலுக்காக அங்கே சில ஆண்டுகளுக்குள் நடந்த வேலைக்கு, மன்னார் வழி பல பத்தாண்டுகள் காத்திருந்தது. கொட்டகைகளும் கிணறுகளும் வந்தன. ஆள் இல்லாவிட்டால் காப்பி உதிர்ந்துபோகும் என்ற கவலையும் அவற்றோடு வந்தது.

நம்மிடமும் இன்று நடைபாதைகள் பெருகுகின்றன. ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் தேயிலை மலைகளைச் சுற்றும் பீக்கோ பாதை பழைய தோட்டப் பாதைகளைத் தொடுத்து உருவானது. மடுல்கெல்லவுக்கு மேலே இருக்கும் நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டு பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்டு, 2010இல் உலக மரபுரிமைச் சொத்தான மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியானது. 1906 மீட்டர் உயர்ந்த கொம்பனியா சிகரத்தை நெருங்கும்போது மரங்கள் குள்ளமாகின்றன. இடைவிடாத காற்றும் மெல்லிய மண்ணும் அவற்றை வளர விடுவதில்லை. மழை பெய்யாத நாளிலும் முகில் இலைகளிலும் பாசியிலும் பட்டு நீராகச் சொட்டுகிறது. அந்தச் சொட்டுகள் பாறை வெடிப்புகளில் இறங்கி, கீழே லயங்களின் பீலியில், தண்ணீர் பிடிக்கும் குழாய்வாயில், விழுகின்றன. காட்டுக்கு நேர்கீழே உள்ள பீலி நல்லது. லயங்களுக்குக் கீழே உள்ள பீலியில் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். தெளிவாக இருப்பதால் நல்ல தண்ணீர் என்று நம்ப வேண்டாம்.

மலைநாட்டின் நீர் இப்போது பழைய வழிக்கும் போகிறது. கண்டிக்கும் வத்தேகமவுக்கும் இடையில் பொல்கொல்ல அணை மகாவலியின் ஒரு பங்கை 1976 முதல் சுரங்கவழி மாத்தளைப் பக்கம் திருப்புகிறது. சுது கங்கையில் இறங்கி, போவத்தென்ன வழியாகக் கலாவெவவையும் அனுராதபுரத்துக் குளங்களையும் அது நிரப்புகிறது. தாகத்தோடு நடந்தவர்கள் கடந்த அதே நிலம்.

ஒரு வேலை மீதியிருக்கிறது. வழிநடைச் சாவுகளைப் பற்றிய வாதங்கள் சாலையோரத்தில் இறந்தவர்களையும், கரையில் இறங்கியவர்களுக்கும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சுற்றியே நடக்கின்றன. தோட்டத்தை அடைந்து இறந்தவர் தோட்டத்துக் கணக்கு. நோயரும்பும் காலம் தெரிந்த பிறகு அப்படிப் பிரிப்பது சரியில்லை. மலேரியாவின் பதினான்கு நாளையும், படுத்த பின் உயிர் பிரிய ஆகும் ஒரு வாரத்தையும் சேர்த்தால் மூன்று வாரம். வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலிலோ கழிச்சலிலோ இறந்தவரை வழியின் கணக்கில்தான் முதலில் எழுத வேண்டும். எஞ்சியிருக்கும் தோட்டப் பதிவேடுகளையும் மருத்துவமனைக் குறிப்புகளையும் இந்த ஒரு விதியோடு, வரலாற்று மாணவரும் தொற்றுநோய் மருத்துவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால், வடக்கு வழியின் சாவுக்கணக்கு மாத்தளையோடு நிற்காது. மடுல்கெல்ல வரை ஏறும்.